அன்னிய நாட்டில் குடும்ப வாசம்

பிழைப்பை நாடித் தனியே கடல் கடந்து செல்பவன் தன் உழைப்பை மட்டுமே அந்நாட்டாரிடம் ஒப்புவிக்கிறான். குடும்ப சகிதம் செல்பவனோ தன் விவாகத்தையும், குழந்தைகளின் கல்வியையும், அவர்களுடைய பாஷையையும், பிரஜா உரிமையையும் அந்நாட்டுச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கிறான். இக்காலத்தில் நம்மவரின் குடும்பங்கள் துபாய், ரியாத், சிங்கப்பூர், லண்டன் முதலிய நகரங்களுக்கு ஓயாமல் பெயர்ந்து கொண்டிருக்கின்றன. புறப்படுமுன் அவர்கள் விசாரிப்பதெல்லாம் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, நம் அரிசி கிடைக்குமா, குளிர் அதிகமா என்பவையே. இவை விசாரிக்க வேண்டியவைதாம். ஆயினும் இவற்றினும் பெரிய விஷயங்கள் சில உண்டு. அவற்றை எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இதற்குத் தக்க திருஷ்டாந்தம் நம் தேச சரித்திரத்திலேயே இருக்கிறது. 1893-ம் வருஷம் தென்னாப்பிரிக்காவுக்குத் தனியே சென்ற பாரிஸ்டர் காந்தி, மூன்று வருஷம் கழித்துத் தாயகம் திரும்பிக் குடும்பத்தை உடனழைத்துக்கொண்டு மீண்டும் கப்பலேறினார். மனைவி கஸ்தூரிபாய், ஹரிலால், மணிலால் என்ற இரு புதல்வர், விதவையான தமக்கையின் ஒரே குமாரன் ஆகியோர் உடன் சென்றனர். அன்னிய நாட்டில் எவ்விதம் நடமாட வேண்டும் என்பதைப் பற்றி அவருக்கு அப்போது திட்டமான எண்ணங்கள் இருந்தன. இந்தியருள் பார்ஸிகளே நாகரிகத்தில் முந்தியவர் என்று கருதப்பட்ட காலம் அது. ஆகையால் மனைவிக்குப் பார்ஸி முறையில் புடவை. சிறுவர்களுக்குப் பார்ஸிக் கோட்டும் கால்சட்டையும். கால்களில் ஜோடும் காலுறையும் ஏறின. கால்கள் புண்ணாயின, காலுறைகள் வியர்வையால் நாறின. கையால் உண்டு பழகியவர் கத்தியும் முள்ளும் பிடித்து உண்ண வேண்டியதாயிற்று. சில வருஷங்கள் சென்றபின் காந்தியடிகளே இவ்வேஷத்தில் நம்பிக்கை இழந்தார். கத்தியும் முள்ளும் போயின. ஜோடும் காலுறையும் போயின.

இதை வேடிக்கைக் கதையாக நாம் சொல்லவில்லை. இன்று வெளிநாடு போகும் குடும்பங்களும் முதன் முதலில் கவலைப்படுவது உடையையும் உணவையும் பற்றியே. பழகினால் வரக்கூடியவை அவை. வேண்டாதபோது விடக்கூடியவையும் அவையே. சட்டத்தின் சங்கதி அப்படிப்பட்டதன்று. அக்கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்ததும், பம்பாயில் பிளேக் நோய் இருந்ததைக் காரணம் காட்டி, கரையிறங்க விடாமல் இருபத்து மூன்று நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. 1897 ஜனவரி 13-ம் தேதி இறங்கியபோது வெள்ளையர் கூட்டம் காந்தியைக் கல்லாலும் அழுகிய முட்டையாலும் தாக்கியது. போலீஸ் சூப்பரிண்டெண்டின் மனைவி தம் குடையை விரித்து நடுவில் நின்றிராவிடில் அன்று அவர் உயிர் தப்பியிருப்பது அரிது. பார்ஸிக் கோட்டு அந்தக் கூட்டத்தின் மனத்தை மாற்றவில்லை.

பாரிஸ்டரின் குடும்பத்துக்கே இந்தக் கதியென்றால், ஒப்பந்தக் கூலிகளின் குடும்பங்கள் பட்ட பாட்டை என்னென்பது! 1860-ம் வருஷம் நவம்பர் 16-ம் தேதி ட்ரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. அதன் பின் அங்கே சென்றவரில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க விரும்பியவர் மீது 1895-ல் ஆளொன்றுக்கு வருஷம் மூன்று பவுன் வரி விதிக்கச் சட்டமியற்றினார்கள். கணவன், மனைவி, வயது வந்த மக்கள் இருவர் உள்ள குடும்பத்துக்கு வரி பன்னிரண்டு பவுன். அதாவது 240 ஷில்லிங். கணவனுடைய சராசரி வருமானமோ மாதம் 14 ஷில்லிங்குக்கு மேற்படவில்லை என்று காந்தியடிகள் எழுதியிருக்கிறார். வருஷத்துக்கு 168 ஷில்லிங்! வருமானத்தை விட வரி அதிகம். இது வருவாய்க்காக ஏற்பட்ட வரியா? அல்ல. "மீண்டும் அடிமைப்படு, அல்லது குடும்பத்தோடு வெளியேறு" என்பதே அதன் பொருள்.

இதனினும் கொடிய அடி 1913 மார்ச்சில் விழுந்தது. பல தாரங்களை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த விவாகம் குடியேற்றச் சட்டத்தில் செல்லாது என்று கேப் மாகாண நீதிபதி ஸெர்ல் தீர்ப்புச் செய்தார். ஒரே மனைவியுடன் வாழ்பவராயினும் விலக்கில்லை. அக்கினி சாட்சியாக மணந்தவளும், நிக்காஹ் செய்துகொண்டவளும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லாதவராயினர். அவர்கள் பெற்ற மக்களின் நிலையும் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. ஆண்கள் நடத்தி வந்த சத்தியாக்கிரகத்தில் பெண்கள் புகுந்தது இதனால்தான். கஸ்தூரிபாய் சிறை சென்றார். டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையுடன், நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வேலைநிறுத்தம் செய்யும்படி தூண்டினர். 1913 நவம்பர் 6-ம் தேதி டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிப் புறப்பட்ட படையில் ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் ஜோகான்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ம் தேதி பதினாறாம் வயதில் உயிர் நீத்தாள். அவ்வருஷமே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது; இந்திய விவாகங்களை, ஒரு மனைவி என்ற வரம்புடன், ஒப்புக்கொண்டது.

அந்நாளைய கொடுமைகளை இந்நாளைய விதிகளுடன் சமமாக வைப்பது நியாயமன்று. எந்த நாட்டுக்கும் தன் எல்லைக்குள் யார் வசிப்பது என்று விதிக்க அதிகாரம் உண்டு. ஆனால் அவ்விதிகள் குடும்பத்தைத் தொடும் இடம் மட்டும் மாறவில்லை. சவூதி அரேபியாவில் வெளிநாட்டு ஊழியர் தம்முடன் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் 2017 ஜூலையில் ஏற்பட்டது. வருஷந்தோறும் நூறு நூறாக உயர்ந்து 2020 ஜூலையில் 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ளவர் மாதம் 1,600 ரியால் செலுத்த வேண்டும். சிறிய சம்பளக்காரர் என்ன செய்வார்? குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஓர் அறையில் நால்வரோடு ஒருவராகத் தங்குவார். ஐக்கிய அரபு நாடுகளில் 2019-ல் விதித்தபடி, குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் வீடும் இருக்க வேண்டும். மனைவி மக்களின் குடியிருப்பு அனுமதி கணவனுடைய வேலையோடு கட்டுண்டது. வேலை போனால், பள்ளிக்கூடம் பாதி வருஷத்தில் இருந்தாலும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஆகவே வெளிநாடு செல்வோர் முதலில் கவனிக்க வேண்டியது தஸ்தாவேஜு. விவாகப் பதிவு தமிழ்நாட்டில் 2009 முதல் கட்டாயம். பதிவுச் சான்றும் அதன் மேல் உரிய அத்தாட்சியும் இன்றி அன்னிய நாட்டு அதிகாரி முன் மனைவியை மனைவியென்று நிரூபிப்பது எளிதன்று. ஊரறிய நடந்த கலியாணமாயிற்றே என்று அங்கே சொல்லிப் பயனில்லை. அடுத்தது குழந்தைகளின் பிரஜா உரிமை. 2004 டிசம்பர் 3 முதல் அமலில் உள்ள சட்டப்படி, வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை இந்தியப் பிரஜையாக வேண்டுமானால் ஒரு வருஷத்துக்குள் இந்திய ஸ்தானிகர் காரியாலயத்தில் அப்பிறப்பைப் பதிய வேண்டும். தவறினால் மத்திய சர்க்காரின் அனுமதி தேவை. வளைகுடா நாடுகளில் அங்கே பிறந்ததனால் மட்டும் நம் குழந்தை அந்நாட்டுப் பிரஜையாவதில்லை. பெற்றோரின் அசட்டையால் ஒரு குழந்தை எந்த நாட்டுக்கும் உரியதாகாமல் நிற்பது எவ்வளவு பரிதாபம்!

இனிக் கல்வி. டர்பனில் ஐரோப்பியர் பள்ளியில் தம் மக்களை விசேஷச் சலுகையாகச் சேர்த்திருக்கலாம் என்று காந்தியடிகளே சொல்லியிருக்கிறார். மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு இல்லாத சலுகை தமக்கு வேண்டாமென மறுத்தார். மாதம் ஏழு பவுனுக்கு ஓர் ஆங்கில மாதை அமர்த்தினார். தாய்மொழியைத் தாமே பயிற்றினார். கொள்கை உயர்ந்ததே. எனினும் முறையான கல்வி கிட்டவில்லை என்ற மனக்குறை அவர் புதல்வருக்கு நெடுநாள் இருந்தது. மூத்தவர் ஹரிலால் தந்தையைப் பிரிந்து போனதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிநாட்டு வாசத்தில் தந்தை எடுக்கும் முடிவின் விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் குழந்தைகளே. ஆதலின் பள்ளியைத் தீர்மானித்த பிறகு பிரயாணத்தைத் தீர்மானிப்பது விவேகம்.

பாஷை விஷயத்தில் தாமதம் கூடாது. டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்தவர், போப் துரையின் கைநூலைக் கொண்டு அரைகுறையாகத் தமிழ் பயின்ற குஜராத்தியரான காந்தி! அங்கே குடியேறியோரின் சந்ததியார் இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீமிதிக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் பள்ளிப் பாடமாகவும் உள்ள சிங்கப்பூரிலேயே, தமிழை வீட்டில் அதிகமாகப் பேசுவோர் 2010-ம் வருஷக் கணக்கில் நூற்றுக்கு 3.3, 2020-ல் 2.5. சர்க்கார் ஆதரவு மட்டும் ஒரு மொழியைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை. சாப்பாட்டு வேளையில் தாயும் தந்தையும் பேசும் பேச்சே குழந்தையின் பாஷை. வாரத்தில் ஒருநாள் தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்கள் பல நகரங்களில் உண்டு. அவை வீட்டுக்குத் துணையாகுமேயன்றி வீட்டுக்கு ஈடாகா.

கடைசியாக, தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் வாழும் இந்தியப் பிரஜைக்கு 2010-ல் செய்த திருத்தத்தால் வாக்காளர் ஜாபிதாவில் இடம் கிடைத்தது. ஆனால் வாக்களிக்க அவர் தம் தொகுதிக்கு நேரில் வர வேண்டும். குடும்பத்தோடு விமானக் கூலி கொடுத்து வந்து வாக்களிக்க எத்தனை பேரால் முடியும்? குடியிருக்கும் நாடுகள் பெரும்பாலானவற்றிலும் வாக்கில்லை. பிறந்த நாட்டில் வாக்கு ஏட்டளவில் மட்டும். வாக்கற்றவர் குறை எந்தச் சட்டசபையிலும் விரைவில் ஒலிப்பதில்லை. வெளிநாட்டுப் பிரஜைகள் தாம் இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க வழி செய்ய வேண்டுமென்று கிளர்ச்சி செய்வது நம் கட்சிகளின் கடமையாகும். அவர்கள் அனுப்பும் பணத்தை வரவேற்கும் தேசம், அவர்களுடைய அபிப்பிராயத்தையும் வரவேற்கக் கடமைப்பட்டிருக்கிறது.