சொல்லும் செயலும்

1955-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், சென்னைக்கு மேற்கே ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. ஸ்ரீ தேபர் தலைமை வகித்தார். சமதர்ம முறையில் சமுதாயத்தை அமைப்பதே லட்சியம் என்று அங்கே நிறைவேறிய தீர்மானம் தேசமெங்கும் பேச்சாயிற்று. அந்த லட்சியம் எவ்வளவு தூரம் பலித்தது என்று இன்றும் வாதாடுவோர் உண்டு. ஆனால், தீர்மானம் பந்தலோடு பிரிந்து போய்விடவில்லை என்பதை எவரும் மறுக்க முடியாது. மறு வருஷமே இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டமும், புதிய கைத்தொழில் கொள்கையும் வந்தன. பணம் ஒதுக்கப்பட்டது, பொறுப்பை ஏற்க அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். பின்வந்த வருஷங்களில் ஆவடியிலேயே டாங்கிகள் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. அடுத்திருந்த அம்பத்தூரில் தொழிற்பேட்டை வளர்ந்தது.

தலைவர்களுடைய வாக்குறுதியை அளப்பதற்கு ஆவடி நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. சட்டம், பணம், பொறுப்பாளி, தவணை ஆகிய நான்கும் சேர்ந்தால் சொல் செயலாகும். நான்கில் ஒன்று குறைந்தாலும் அது மேடைப் பேச்சாகவே நின்றுவிடும்.

இந்த அளவுகோலைக் கொண்டு, திருநங்கையர், திருநம்பிகள், தன்பாலீர்ப்புடையோர் ஆகியவர்களுக்கு நம் தலைவர்கள் தந்த வாக்குறுதிகளை அளந்து பார்ப்போம். இது ஏதோ சிலருடைய விவகாரம் என்று நண்பர்கள் ஒதுக்கக்கூடும். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் ஆண், பெண் என்ற இரண்டிலும் சேராமல் தங்களைப் பதிந்துகொண்டவர்கள் தேசத்தில் 4,87,803 பேர்; தமிழ்நாட்டில் மட்டும் 22,364 பேர். பதிந்துகொள்ள அஞ்சியவர்களும், தன்பாலீர்ப்பை வீட்டிலேயே சொல்ல முடியாதவர்களும் இக்கணக்கில் வரவில்லை. நிற்க, உரிமை என்பது தலையெண்ணிக் கொடுக்கும் தானமும் அன்று.

முதலில், செய்ததைச் செய்ததாகச் சொல்லிவிடுவோம். இந்த விஷயத்தில் தமிழ்நாடு பல மாகாணங்களுக்கு முன்னே நடந்தது. ஸ்ரீ கருணாநிதி முதல் மந்திரியாக இருந்தபோது, 2008-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி திருநங்கையருக்கென்று நலவாரியம் அமைந்தது. இழிபெயரால் அழைக்கப்பட்டு வந்தவர்களுக்குத் ‘திருநங்கை’ என்ற மதிப்பான பெயரும் அவருடைய ஆட்சியிலேயே சர்க்கார் வழக்கில் வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பால் மாற்றுச் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. 2021-ம் வருஷத்தில் சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகளைப் போலவே திருநங்கையரும் கட்டணமின்றிப் போகலாம் என்று உத்தரவாயிற்று. பூந்தமல்லியில் பஸ் ஏறும் திருநங்கைக்கு இது அற்பக் காரியமல்ல. இவற்றில் சொல் செயலாயிற்று. காரணம் யாதெனில், இவற்றுக்குப் பணமும் பொறுப்பாளியும் இருந்தனர், எதிர்ப்பு அதிகமில்லை.

எதிர்ப்பு இருக்கும் இடங்களில் நடந்ததென்ன? அங்கேதான் நம் தலைவர்களின் உறுதி சோதிக்கப்பட்டது.

வெள்ளையர் 1860-ம் வருஷத்தில் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, மனமொத்த இருவரின் உறவையும் குற்றமாக்கிற்று. அந்நியனுடைய சட்டம் வேண்டாமென்று சிறை சென்ற தேசத்தில், சுதந்திரத்துக்குப் பிறகும் 71 வருஷம் அது உயிரோடிருந்தது. 2015-ம் வருஷம் டிசம்பரில் ஸ்ரீ சசி தரூர் அதைத் திருத்தும் மசோதாவை லோக சபையில் கொண்டுவர அனுமதி கேட்டார். ஆதரவாக 24 வோட்டு. எதிராக 71 வோட்டு. விவாதிப்பதற்குக்கூட இடமில்லை! அன்று சபைக்கு வராமல் இருந்த நூற்றுக்கணக்கான அங்கத்தினர்கள் எக்கட்சியில்தான் இல்லை? கடைசியில் 2018-ம் வருஷம் செப்டம்பர் 6-ந் தேதி, மனமொத்த உறவைக் குற்றமல்ல என்று ஆக்கியது சுப்ரீம் கோர்ட், பார்லிமெண்டு அல்ல. வழக்கு நடந்தபோது மத்திய சர்க்கார், கோர்ட்டின் அறிவுக்கே விட்டுவிடுகிறோம் என்று ஒதுங்கி நின்றது. 2024-ம் வருஷம் ஜூலையில் புதிய தண்டனைச் சட்டம் அமுலுக்கு வந்தபோது 377-வது பிரிவு முழுவதும் மறைந்தது. ஆனால், பலாத்காரத்துக்கு ஆளாகும் ஆடவருக்கு அதில் எஞ்சியிருந்த பாதுகாப்பும் கூடவே மறைந்தது. களையைப் பிடுங்கியவர்கள் பயிரையும் சேர்த்துப் பிடுங்கினார்கள்.

இடஒதுக்கீட்டின் கதையும் இதுவே. 2014-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி, திருநங்கையரைப் பின்தங்கிய வகுப்பினராகக் கருதிக் கல்வியிலும் உத்தியோகத்திலும் இடமளிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மறு வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி, ஸ்ரீ திருச்சி சிவா கொண்டுவந்த தனி அங்கத்தினர் மசோதாவை ராஜ்ய சபை ஒருமனதாக நிறைவேற்றியது. ஒதுக்கீடும் அதில் இருந்தது. தமிழர் ஒருவர் செய்த இக்காரியத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் மசோதா லோக சபையைத் தாண்டவில்லை. 2019-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் இயற்றிய சட்டத்தில் ஒதுக்கீடு இல்லை. ஸ்திரீயைக் கற்பழிப்பவனுக்குக் குறைந்தது பத்து வருஷச் சிறை இருக்க, திருநங்கைமேல் பாலியல் கொடுமை செய்பவனுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரையே சிறை என்று அச்சட்டம் விதித்தது. நீதிக்கு இரண்டு தராசா?

நம் மாகாணமும் இதில் தப்பவில்லை. திருநங்கையர் கேட்டது, ஸ்திரீகளுக்கு இருப்பதுபோல் ஒவ்வொரு வகுப்பின் பங்குக்குள்ளும் தங்களுக்கென ஒரு சிறு பங்கு. சர்க்கார் செய்தது, அவர்களை மிகவும் பிற்பட்ட வகுப்பில் சேர்த்தது. ஜாதி வேறு, பால் வேறு என்பதை 2024-ம் வருஷத்தில் சென்னை ஹைக்கோர்ட் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. கன்னட நாடோ, 2021-ம் வருஷத்திலேயே சர்க்கார் உத்தியோகங்களில் நூற்றுக்கு ஒன்று என்று விதி செய்துவிட்டது. வழிகாட்டிய தமிழ்நாடு வழி கேட்கும்படி ஆயிற்று.

ஜனங்களின் மனம் பக்குவப்படாமல் தலைவர்கள் முன்னே ஓடலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வோட்டை நம்பியிருப்பவர் ஊரைப் பகைத்துக்கொள்ள அஞ்சுவது இயல்பே. ஆயினும் 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதியை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மதுரை ஸ்ரீ வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களை மீனாக்ஷி அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். மதுரை முழுவதும் பக்குவப்பட்ட பிறகா சென்றார்? ஸ்ரீ ராஜாஜியின் சர்க்கார் சட்டம் செய்து அவர்களைக் காத்தது. ஜனங்கள் பின்னர் பக்குவப்பட்டார்கள். தலைமை என்பதன் பொருள் அதுதான். கூட்டத்தின் பின்னே நடப்பவருக்குத் தலைவர் என்ற பெயர் எதற்கு?

கோர்ட்டுகளையே நம்பியிருந்தால் போதாதா எனில், போதாது. 2023-ம் வருஷம் அக்டோபரில், ஒருபால் இணைகளின் விவாகத்தை அங்கீகரிப்பது சட்டசபைகளின் வேலை என்று சுப்ரீம் கோர்ட் கைவிரித்தது. 2025-ம் வருஷம் அக்டோபரில் அதே கோர்ட், 2019-ம் வருஷத்துச் சட்டம் செயலற்றுக் கிடக்கிறதென்று கடிந்து, அதற்கென ஒரு கமிட்டியை அமைக்க நேர்ந்தது. தீர்ப்பைத் தெருவுக்குக் கொண்டுவருவது சர்க்காரின் கை. அந்தக் கையை அசைப்பது ஜனங்களின் குரல்.

ஆகவே, தேசத் தொண்டர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. அறிக்கைகளைப் படித்துக் கைதட்டுவதை நிறுத்துங்கள், அருகிலிருப்பதைச் சோதியுங்கள். 2019-ம் வருஷத்துச் சட்டத்தின் 11-வது பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் புகார் கேட்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் எத்தனை ஆலைகளில் அப்படியொருவர் இருக்கிறார்? வாயிலில் போய்க் கேளுங்கள். ஹைக்கோர்ட் ஜட்ஜ் ஸ்ரீ ஆனந்த் வெங்கடேஷின் 2021-ம் வருஷத்து உத்தரவின் பயனாக, மறு வருஷம் போலீஸாரின் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்ந்தது. பால் சிறுபான்மையினரைத் துன்புறுத்தலாகாது என்பது அவ்விதி. ஆவடிக்குத் தனிப் போலீஸ் கமிஷனர் வந்ததும் அதே 2022-ம் வருஷந்தான். அக்கமிஷனருக்கு உட்பட்ட ஸ்டேஷன்களில் எத்தனை ஏட்டுகளுக்கு அவ்விதி தெரியும்? 2025-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில் தமிழ்நாட்டு சர்க்கார் திருநருக்கான கொள்கையை வெளியிட்டது. அதில் எந்தக் காரியத்துக்கு எவ்வளவு பணம், எந்த அதிகாரி பொறுப்பு, எந்தத் தேதிக்குள் முடியும் என்பதை உங்கள் சட்டசபை அங்கத்தினரிடம் எழுத்தில் கேளுங்கள். தன்பாலீர்ப்புடையோரின் முறை எப்போது வரும் என்றும் கேளுங்கள்.

வோட்டுக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும் இக்கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பதில் சொல்பவருக்கு நம் ஆதரவு. புன்னகையோடு கடந்து போகிறவரை, அடுத்த முறை நாமும் புன்னகையோடு கடந்து போவோமாக.