சில்லுக்கு யாரும் விலை கேட்பதில்லை

பழைய பொருளைக் கொண்டு சுவரை அலங்கரித்தால் செலவு மிச்சம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றினால் அது ஆட்டம் கண்டுவிடும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தேக்குக் கதவு, தூண், எனாமல் பாத்திரம் எல்லாவற்றுக்கும் அங்கே விலையே பழமைக்குத்தான். வாங்க வெளியூர்க்காரர் வரிசையில் நிற்கும் சரக்கு நடுத்தர வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே, கையைக் கடிக்காமல் சுவரை அழகாக்க நினைப்பவர் யாரும் விலை கேட்காத பொருளைத்தான் தேட வேண்டும். என் கணிப்பில் அதற்கு முதல் தகுதி உடைந்த டைல்ஸுக்கே. கடையில் பெட்டியை இறக்கும்போது உடைந்தவை, வீட்டை இடிக்கும்போது ரப்பீஸோடு லாரியில் ஏறுபவை, விளிம்பு போன பீங்கான் தட்டுகள் ஆகியவற்றைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட சில்லு எவ்வளவு தாங்கும் என்பதற்கு உலகறிந்த சான்றுகள் இருக்கின்றன. பார்சிலோனாவில் 1900 முதல் 1914 வரை கட்டப்பட்ட குவெல் பூங்காவில், கட்டடக்கலைஞர் அந்தோனி கௌடியும் அவருடைய உதவியாளர் ஜுஜோலும் பாம்புபோல் வளைந்த நீண்ட திண்ணையை உடைந்த ஓட்டுத் துண்டுகளால் போர்த்தினார்கள். வளைவின் மேல் முழு டைல் ஒட்டாது, சில்லு ஒட்டும். அழகோடு இந்த வசதியும் சேர்ந்தது. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், அந்நகரை எழுப்புவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் மிச்சங்களை 1950களின் இறுதியிலிருந்து அரசுக்குத் தெரியாமலே சேர்த்து, வளையல், கழிப்பறைப் பீங்கான், ஓடு என்று கிடைத்ததையெல்லாம் சிலைகளாக்கினார். 1976இல் அரசே அதைப் பாறைத் தோட்டமாகத் திறந்துவைத்தது. வட இந்திய வெயிலையும் குளிரையும் திறந்தவெளியில் தாங்கும் பொருளுக்கு நம் கூடத்துச் சுவர் ஒரு சோதனையே இல்லை. சூளையில் வெந்த மண்ணைக் கறையான் தொடாது. மெருகு கண்ணாடி போன்றது என்பதால் எளிதில் நிறம் மங்காது.

மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறதுதான். ஆனால் சரக்கு வரும் மரத்தட்டுகளில் எல்லாம் நல்லவை அல்ல: முத்திரையில் எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகையூட்டியது. இரண்டாவதை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே உத்தமம். பழைய கதவுப் பலகையில் வேறு ஆபத்து. வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் குழந்தைகளின் மூச்சுக்குப் போகக்கூடும்.

உடைந்ததை வீட்டில் வைக்கலாகாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அந்த விலக்கு, கையைக் கிழிக்கும் பாத்திரத்தையும் முகம் பிளந்து காட்டும் கண்ணாடியையும் அப்புறப்படுத்தச் சொல்லும் ஒழுங்கு என்றே எனக்குப் படுகிறது. கண்ணாடித் துண்டைத் தவிர்த்துவிட்டால் சர்ச்சையில் பாதி முடிந்தது. மீதிப் பாதிக்குப் பதில் நம் பழைய வீடுகளின் தலைக்கு மேலேயே இருந்தது. மெட்ராஸ் டெரஸ் மாடியில் உடைத்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு சேர்த்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் தட்டித் தட்டித்தான் தளம் போட்டார்கள். உடைந்த கல்லின் கீழே குடியிருந்த எவரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

கொத்தனார் கூலி எல்லா மிச்சத்தையும் விழுங்கிவிடும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. முழுச் சுவருக்கும் ஆசைப்பட்டால் அது உண்மைதான். சில்லு வேலை மெதுவானது. ஒவ்வொரு துண்டுக்கும் இடம் பார்க்க வேண்டும். அதனால்தான் வாஷ்பேசின் மேல், மாடிப்படி ஓரம், வாசல் பக்கம் என்று நாலைந்து சதுர அடியோடு நிறுத்திக்கொண்டு அந்த வீட்டாரே செய்ய வேண்டும் என்கிறேன். டைல்ஸைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் தட்டினால் தெறிக்காது. அப்போதும் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். கூர் விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்க்கலாம். பெயிண்ட் மேல் பசை நிற்காது, சுவரைக் கொத்திவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். காய்ந்தபின் இடைவெளியில் ஒயிட் சிமெண்ட் நிரப்பி, இறுகுமுன் ஈரத் துணியால் துடைத்தால் விளிம்புகள் அடங்கிவிடும். ஓதம் ஏறும் சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே சிக்கும் ஈரமும் உப்பும் பூச்சையே பெயர்த்துத் தள்ளும்.

வாடகை வீட்டில் சுவரைத் தொடாமல் சிமெண்ட் பலகையில் ஒட்டி மாட்டலாம்; காலி செய்யும்போது கையோடு போய்விடும். எடையை மறக்கக்கூடாது. டைல்ஸ் சதுர அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ. இரண்டடிக்கு மூன்றடிப் பலகையில் சில்லு மட்டுமே ஒன்பது கிலோவைத் தொடும், பசையும் பலகையும் தனி. இதற்கு ஆணி போதாது, துளையிட்டுப் பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.