கூடு வெறுமையான பின்

பிரிவு என்பது தமிழ் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. பிரிதலைப் பாலைத் திணையின் உரிப்பொருளாக வகுத்த நம் முன்னோர், பிரிவுக்குரிய காரணங்களையும் எண்ணி வைத்தனர். ஓதல், அதாவது கல்வி, தொல்காப்பியம் கூறும் அக்காரணங்களுள் ஒன்று. ஆயினும் அங்கே பேசப்படுவது தலைவியைப் பிரிந்து செல்லும் தலைவனின் பிரிவே. தாயின் துயரையும் புலவர்கள் மறந்தாரில்லை. ஐங்குறுநூற்றில் மகளைப் பிரிந்த தாய் இரங்குவதாகவே ஒரு பத்து அமைந்துள்ளது. ஆனால் அந்த மகள் தன் தலைவனுடன் சென்றவள். பிள்ளையைக் கல்லூரி விடுதிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனித்திருக்கும் தாயின் நிலை நம் காலத்துக்கு உரியது.

உளவியலார் இதனை வெறுங்கூட்டு நிலை என்பர். இது நோயின் பெயரன்று. வாழ்வின் ஒரு திருப்பத்தில் எழும் மனநிலையின் பெயர். பதினெட்டு ஆண்டுகள் பிள்ளையின் பள்ளி நேரத்தையும் தேர்வையும் பசியையும் சுற்றியே ஒரு தாயின் நாள் அமைந்திருந்தது. அந்த அச்சு ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. மகளை மணமுடித்து அனுப்பும்போது சடங்கு உண்டு, சுற்றம் உண்டு, கண்ணீருக்கும் இடம் உண்டு. கல்லூரிக்கு அனுப்பும்போதோ வாழ்த்து மட்டுமே உண்டு. மகிழ வேண்டிய வேளையில் அழுவதா என்று தாய் தன்னையே கடிந்துகொள்கிறாள்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் தாய்மார்க்கு இதில் இன்னொரு சுமையும் சேர்கிறது. பல வீடுகளில் பிள்ளையே தாயின் மொழிபெயர்ப்பாளர். காய்கறிக்காரரிடமும் வங்கியிலும் மருத்துவரிடமும் இந்தியிலோ வங்காளியிலோ மராத்தியிலோ அவளுக்காகப் பேசியது பிள்ளையே. பகற்பொழுதில் தமிழ் பேசவும் அப்பிள்ளையை விட்டால் வேறு துணையில்லை. ஆகவே பிள்ளை போகும்போது வெளியுலகுக்குச் செல்லும் வாயிலும், வீட்டில் ஒலித்த தாய்மொழியும் ஒருங்கே அடைபடுகின்றன.

இதற்கு முன்னேற்பாடு உண்டு. பிள்ளை புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வங்கி, அஞ்சலகம், மருந்துக்கடை ஆகியவற்றுக்குத் தாய் தானே சென்று பழக வேண்டும். பிழையோடு பேசினாலும் பேசியவரே மொழியைக் கற்கிறார். பிள்ளை சென்ற பின், நாளைக்குப் பலமுறை தொலைபேசியில் அழைத்து உண்டாயா, உறங்கினாயா என்று வினவுவதை விட, இருவருக்கும் ஏற்ற ஒரு வேளையைக் குறித்துக்கொண்டு பேசுதல் நன்று. கணவரும் தம் பங்கை உணர வேண்டும். அலுவலகம் செல்லும் அவருக்குப் பகலின் வெறுமை தெரியாது. மாலைப்பொழுதையாவது மனைவியோடு பகிர்ந்துகொள்ளலாம்.

மிஞ்சிய நேரத்துக்கு நல்ல பயன் தேடுவதும் தக்கதே. 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தைப் போன்ற அமைப்புகள் பல நகரங்களில் உள்ளன. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் பணி எந்நகரிலும் காத்திருக்கிறது. இடையில் படிப்பை விட்டவர்கள், 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே பயிலலாம்.

துயரம் வாரக்கணக்கில் நீங்காது நின்று, உணவும் உறக்கமும் குறைந்து, எதிலும் நாட்டமற்றுப் போனால், அதனைத் தாய்ப்பாசம் என்று சொல்லித் தள்ளிவிடலாகாது. மருத்துவரை நாட வேண்டும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவித் தொலைபேசியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

கல்விக்கான பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடவாது என்று தொல்காப்பியக் கற்பியல் வரையறுக்கிறது. இன்றும் பட்டப்படிப்பு பல துறைகளில் மூன்றாண்டுகளில் முடிந்துவிடும். ஆனால் அதன்பின் வேலை, பிள்ளையை வேறோர் ஊருக்கு அழைத்துச் செல்லக்கூடும். எனவே திரும்பி வரும் நாளை எண்ணிக் காத்திருப்பதினும், இன்றைய நாளைத் தனக்கென அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

நாமும் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு வந்தவர்களே. அன்று தஞ்சையிலோ நெல்லையிலோ ஒரு தாய் வாயிலில் நின்றிருப்பாள். அவள் இன்றும் இருப்பாளாயின், இந்த வெறுமையைக் கடந்த விதத்தை அவளிடமே கேட்கலாம். நம் குரலை அவளும் எதிர்பார்த்திருப்பாள்.