ஃபிலிம் கேமரா வாங்கப் போறீங்களா? கேமரா விலையை விடுங்க, ஒரு க்ளிக் விலையைக் கேளுங்க!



சமீபமா நமக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: “பழைய ஃபிலிம் கேமரா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். ₹15,000 சொல்றாங்க. விலை ஏறிக்கிட்டே போகுதாம். இஎம்ஐ போட்டு வாங்கிடலாமா? ஒரு முதலீடு மாதிரியும் ஆச்சுல்ல?”

ஆசைப்படுறதுல தப்பே இல்ல. மாசம் முழுக்க உழைக்கிறோம், மனசுக்குப் பிடிச்ச ஒரு விஷயத்துக்கு செலவு பண்ணத்தான் வேணும். ஆனா இந்தக் கேள்வியில முக்கியமான செலவு ஒண்ணு விட்டுப் போச்சு. அந்த ₹15,000 உங்க பட்ஜெட்டைக் காலி பண்ணாது. அதுக்கு அப்புறம் மாசாமாசம் போற காசுதான் பண்ணும். எப்படின்னு கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

கீழே வர்ற விலை எல்லாம் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்ட ரவுண்டு நம்பர்தான். உங்க ஊர் ரேட்டைப் போட்டு மாத்திக்கோங்க. கணக்கு போடுற முறை மாறாது.

ஒரு க்ளிக் எவ்வளவு?

ஒரு 35 எம்எம் ரோல்ல 36 படம் எடுக்கலாம். அதுக்கு ஆகுற செலவு:

கலர் ரோல் ஒண்ணு: ₹1,000
லேப்ல கழுவி ஸ்கேன் பண்ண: ₹500
வெளியூர் லேப்னா போக வர கூரியர்: ₹150
மொத்தம்: ₹1,650

36ஆல வகுத்தா ஒரு க்ளிக் சுமார் ₹46. ஆரம்பத்துல ஃபோகஸ் தப்பும், வெளிச்சம் பத்தாது, லோடு பண்ணும்போது முதல் ரெண்டு படம் போயிடும். 30 படம் தேறினா நல்ல படம் ஒண்ணுக்கு ₹55. ரெண்டு டீயும் ஒரு வடையும் வர்ற காசு, ஒரு தடவை பட்டனை அழுத்துறதுக்கு!

மாசம் ஒரு ரோல் எடுத்தா வருஷத்துக்கு ₹19,800. ரெண்டு ரோல்னா ₹39,600. ₹15,000 கேமராவோட விலையை முதல் வருஷமே ஃபிலிம் செலவு தாண்டிடுது. இது 12 மாசத்துல முடியுற இஎம்ஐ கிடையாது. கேமரா கையில இருக்கிற வரைக்கும் ஓடும்.

“எங்க தாத்தா காலத்து கேமரா வீட்லயே இருக்கு, எனக்கு செலவே இல்ல”ன்னு சிலர் நினைப்பீங்க. அது எந்த ஃபிலிம் போடுற கேமரான்னு முதல்ல பாருங்க. அக்ஃபா க்ளிக் 3, யாஷிகா மேட் மாதிரி கேமராக்கள் 120 ஃபிலிம் கேட்கும். அதுல சதுரப் படம் மொத்தமே 12தான். ரோல், லேப், கூரியர் எல்லாம் அதே ₹1,650னு வெச்சாலும் ஒரு க்ளிக் ₹137 ஆகிடும். பழைய ஹாட் ஷாட் 110 கேமரான்னா அதுக்கு வேற கார்ட்ரிட்ஜ் ஃபிலிம், தேடித்தான் பிடிக்கணும். கேமரா ஓசியில கிடைச்சாலும் க்ளிக் ஓசியில கிடைக்காது.

ஃபிலிம் ஏன் இவ்வளவு விலை?

ரெண்டு காரணம் தெரிஞ்சிக்கோங்க. முதலாவது, ஃபிலிம்ல ஒளியைப் பிடிக்கிற வேலையை செய்யுறது வெள்ளியோட உப்புகள். வெள்ளி விலை ஏறினா ஃபிலிம் கம்பெனிக்கும் செலவு ஏறும்.

ரெண்டாவது, நாம வாங்குற கலர் ரோல் எல்லாமே இறக்குமதி. டாலர் ரேட், இறக்குமதி வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்துதான் நம்ம கைக்கு வருது. ஒரு காலத்துல நம்ம ஊட்டியிலேயே ஃபிலிம் தயாராச்சு. 1960ல ஆரம்பிச்ச இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்ங்கிற பொதுத்துறை நிறுவனம், ‘இந்து’ங்கிற பேர்ல கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டுச்சு. அது நொடிஞ்சு மூடியாச்சு. அதனால ரூபாய் சரிஞ்சா உங்க ஹாபியோட விலை தானா ஏறும். உங்க சம்பளம் அதே வேகத்துல ஏறுமான்னு உங்களுக்கே தெரியும்!

சரி, கேமரா முதலீடா இல்லையா?

₹15,000க்கு வாங்குறீங்க. பழைய கேமராவை சுத்தம் பண்ணி, எண்ணெய் போட்டு, வேகத்தை சரி பண்ணி எடுக்க ஒரு ₹3,000. ஆக உங்க அடக்கம் ₹18,000. மூணு வருஷம் கழிச்சு ₹18,000க்கு விக்குறீங்க. “15க்கு வாங்கி 18க்கு வித்தேன், 20 சதவீத லாபம்”னு சொல்லத் தோணும். உண்மையில லாபம் பூஜ்யம். அதே ₹18,000 வருஷத்துக்கு 6.5 சதவீத எஃப்டில இருந்திருந்தா சுமார் ₹21,700 ஆகியிருக்கும். அதாவது உங்களுக்கு ₹3,700 நஷ்டம்.

இப்போ இதையே திருப்பிப் பாருங்க. ₹3,700ஐ 36 மாசத்தால வகுத்தா மாசம் சுமார் ₹100. ஒரு நல்ல கேமராவை மூணு வருஷம் வெச்சிருந்ததுக்கு மாசம் ₹100தான் செலவு! ஆனா மாசம் ஒரு ரோலுக்கு ₹1,650. இதனாலதான் கேமரா விலையைப் பத்தி மட்டும் யோசிக்காதீங்கன்னு சொல்றேன். ரெண்டாயிரம் குறைச்சுக் கேட்டு பேரம் பேசுறதுல மிச்சமாகிற காசு, ரெண்டு ரோல் கூட வராது.

ஆனா இந்த ₹100 கணக்கு எல்லா கேமராவுக்கும் செல்லாது. இங்கதான் கவனமா இருக்கணும்.

மெக்கானிக்கல் கேமரா: பென்டாக்ஸ் கே1000 (1976ல இருந்து 1997 வரைக்கும் வந்தது), 1982ல வந்த நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 இதெல்லாம் இந்த வகை. இதுல பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும். பல் சக்கரமும் ஸ்ப்ரிங்கும்தான் உள்ளே, தெரிஞ்ச மெக்கானிக் கிடைச்சா சரி பண்ணிடலாம். அதனால விலையும் ஓரளவு நிக்குது.

எலக்ட்ரானிக் கேமரா: 1976ல வந்த கேனான் ஏஇ-1 நல்ல கேமரா, ரொம்ப பிரபலம். ஆனா பேட்டரி இல்லாம ஷட்டர் அசையாது. உள்ளே சர்க்யூட் போச்சுன்னா வேற ஒரு செத்த கேமராவுல இருந்துதான் பார்ட் எடுக்கணும்.

விலை உயர்ந்த சின்ன ஆட்டோஃபோகஸ் கேமரா: பிரபலங்கள் கையில பார்த்து விலை எகிறினது இந்த வகைதான். கான்டாக்ஸ் டி2 நல்ல உதாரணம். அந்தக் கேமராவைத் தயாரிச்ச கியோசெரா நிறுவனம், கேமரா தொழிலை விட்டு வெளியேறுறதா 2005லயே அறிவிச்சிடுச்சு. கம்பெனி சர்வீஸ் எதிர்பார்க்க முடியாது. ₹40,000 போட்டு இந்த மாதிரி ஒண்ணு வாங்கி, மூணாவது வருஷம் அது செத்துப்போச்சுன்னா மாசத்துக்கு ₹1,100க்கு மேல கேமராவுக்கே போச்சு. ஃபிலிம் செலவு தனி.

இன்னொரு விஷயம். ஆன்லைன்ல நீங்க பார்க்கிற விலை, விக்கிறவர் கேட்கிற விலை. கடைசியா எவ்வளவுக்கு வித்துச்சுங்கிறதுதான் உண்மையான விலை. ஷேர் மார்க்கெட்ல வித்தா அன்னிக்கு விலையில வாங்க ஆள் இருக்கு. கேமராவுக்கு அப்படி இல்ல, வாங்குற ஆளை நீங்கதான் தேடணும்.

ஃபிலிமே நின்னு போனா?

இந்த ரிஸ்க்கை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. கோடாக்ரோம்னு ஒரு புகழ்பெற்ற கலர் ஃபிலிம், 1935ல வந்தது. 2009ல கோடாக் அதை நிறுத்திட்டாங்க. அதைக் கழுவ தனி முறை வேணும். உலகத்துலயே கடைசியா அதைக் கழுவிக்கிட்டு இருந்தது அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல இருக்கிற ஒரே ஒரு லேப். அவங்களும் 2010 டிசம்பர் 30க்கு அப்புறம் ரோல் வாங்குறதை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் கையில ரோல் வெச்சிருந்தவங்களுக்கு அந்தக் கலர் கிடைக்க வழியே இல்ல.

இதுல நமக்கு பாடம்: அதிகம் புழங்குற ஃபார்மட்ல மட்டும் காசு போடுங்க. இன்னிக்கு அது 35 எம்எம். அடுத்து 120. அதைத் தாண்டி வினோதமான ஃபார்மட் கேமரா சீப்பா கிடைக்குதுன்னா, அது ஏன் சீப்புன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

க்ளிக் விலையைக் குறைக்க நாலு வழி

1. சேர்த்து அனுப்புங்க. நாலு ரோல் சேர்ந்ததும் லேப்புக்கு அனுப்பினா கூரியர் ரோலுக்கு ₹150ல இருந்து ₹40க்கு இறங்கும். எடுத்து முடிச்ச ரோலை ரொம்ப மாசம் போட்டு வைக்க வேண்டாம், வெயில் படாத இடத்துல வைங்க.

2. ஹாஃப் ஃப்ரேம் கேமரா. ஒரு ஃப்ரேம் இடத்துல ரெண்டு படம், 36 ரோல்ல 72 படம். ஒரு க்ளிக் ₹23. பழைய ஒலிம்பஸ் பென் வகை இருக்கு. புதுசா வேணும்னா 2024ல பென்டாக்ஸ் 17 வந்துச்சு. அமெரிக்காவுல அறிமுக விலை கிட்டத்தட்ட 500 டாலர், அதனால வரியெல்லாம் சேர்த்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. கோடாக் எக்டார் எச்35 மாதிரி எளிமையான பிளாஸ்டிக் கேமராவும் இருக்கு. சில லேப்ல 72 படம் ஸ்கேன் பண்ண கூடுதலா கேப்பாங்க, முன்னாடியே விசாரிங்க.

3. கருப்பு வெள்ளைக்கு மாறி வீட்லயே கழுவுங்க. கலர் ஃபிலிமைக் கழுவ கெமிக்கல் 38 டிகிரி சூட்டுல நிக்கணும், கொஞ்சம் மெனக்கெடணும். கருப்பு வெள்ளை அவ்வளவு கறார் இல்ல. ரோல் ₹700, கெமிக்கல் ரோலுக்கு ₹60னு வெச்சா ஒரு க்ளிக் ₹21. ஆரம்பத்துல டேங்க், அளவு ஜாடி, லோடு பண்ண கருப்புப் பைன்னு ஒரு தடவை செலவு இருக்கு. ஸ்கேன் பண்ணவும் ஒரு வழி வேணும், நண்பரோட டிஜிட்டல் கேமரா இருந்தா போதும்.

4. மொத்தமா வாங்கி சுத்திக்கோங்க. 100 அடி கருப்பு வெள்ளை ஃபிலிம் வாங்கினா 36 படம் ரோல் 18 வரும். ரெண்டு மூணு பேர் சேர்ந்து பங்கு போட்டு வாங்குறது புத்திசாலித்தனம். “சினிமா ஃபிலிம் சீப்பா இருக்கே”ன்னு வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. பின்பக்கம் கரிப் படலம் இருக்கிற சினிமா ஃபிலிமை சாதாரண கலர் லேப்ல எடுக்க மாட்டாங்க, அந்தக் கரி அவங்க கெமிக்கலையே கெடுத்துடும். கழுவுற லேப் எதுன்னு பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

பின் கதவைத் திறந்து, எல்லா வேகத்துலயும் ஷட்டரை அழுத்திப் பாருங்க. ஒரு செகண்ட் வேகத்துல வெச்சா உண்மையிலேயே ஒரு செகண்ட் திறந்திருக்கணும். லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி நூல் தெரிஞ்சா பூஞ்சை, சென்னை மாதிரி ஈரக் காத்து ஊர்ல அது சகஜம். பேட்டரி மூடியைத் திறந்தா பச்சையா பூத்திருக்கக் கூடாது. கதவு ஓரத்துல இருக்கிற கருப்பு ஸ்பாஞ்ச் கையில ஒட்டினா வெளிச்சம் உள்ளே கசியும், மாத்தணும். மாத்துறதுக்கு செலவு கம்மிதான், ஆனா விலை பேச உதவும்.

எவ்வளவு நல்லா இருந்தாலும் ஒரு டெஸ்ட் ரோல் செலவு ₹1,650ஐயும் சர்வீஸ் ₹3,000ஐயும் விலையோட சேர்த்தே கணக்கு போடுங்க. ₹15,000 கேமரான்னா உங்க மனசுல ₹19,650. வாங்கினதுக்கு அப்புறம் காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. பூஞ்சை வந்த லென்ஸை சுத்தம் பண்ற செலவுக்கு முன்னாடி இந்த டப்பா ஒண்ணுமே இல்ல.

சம்பளத்துல எங்க வைக்கிறது?

கைக்கு ₹40,000 வருதுன்னு வைங்க. நான் சொல்றது 5 சதவீதம், அதாவது ₹2,000. இதுல ஒரு ரோல் ₹1,650. மிச்சம் ₹350ஐ ரிப்பேருக்குன்னு தனியா போடுங்க, வருஷம் முடியும்போது ₹4,200 இருக்கும், ஒரு சர்வீஸுக்கு தாராளமா போதும். ரெண்டாவது ரோல் ஆசை வந்தா, வெளியில சாப்பிடுற செலவுல இருந்து எடுங்க. எஸ்ஐபில கை வைக்காதீங்க.

கேமராவை இஎம்ஐல வாங்காதீங்க. மாசம் ₹2,500 வீதம் எட்டு மாசம் ஆர்டி போட்டா ₹20,000 வந்துடும். கார்டு பாக்கி இருக்கிறவங்க, மூணு மாச அவசர நிதி கூட இல்லாதவங்க, முதல்ல அதை முடிங்க. கேமரா எங்கேயும் ஓடிடாது, அது ஏற்கெனவே நாற்பது வருஷம் காத்துக்கிட்டு இருந்ததுதான்!

அந்த எட்டு மாசம் சும்மா இருக்க வேண்டாம். சித்தப்பா வீட்டு பீரோ மேல ஒரு யாஷிகா எம்எஃப்-2வோ கோடாக் கேபி10ஓ தூங்கிக்கிட்டு இருக்கும், கேட்டுப் பாருங்க. ரெண்டுமே 35 எம்எம்தான். ஒரே ஒரு ரோல் போட்டு எடுங்க. 36 படத்தை முடிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகுதுன்னு குறிச்சு வைங்க. ஒரு வாரத்துல முடிச்சீங்கன்னா, உங்க மாசச் செலவு நான் சொன்னதை விட நாலு மடங்கு ஆகும், பட்ஜெட்டை இப்பவே கறாரா போடுங்க. மூணு மாசம் ஆகியும் ரோல் பாதியிலேயே நிக்குதுன்னா, உங்களுக்குப் பிடிச்சது கேமராவோட அழகுதான். அதை ₹1,650ல தெரிஞ்சுக்கிட்டீங்க, ₹18,000 மிச்சம்.

உங்க ஊர்ல ஒரு ரோல் கழுவி ஸ்கேன் பண்ண எவ்வளவு வாங்குறாங்கன்னு கமெண்ட்ல போடுங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும். இதே கணக்கை உங்க நம்பரை வெச்சு எப்படி போடுறதுன்னு வீடியோவுல படிப்படியா காட்டியிருக்கேன், பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!