திரைக்கலை, ஓவியம், துன்பம்: மூன்று கலைஞர் தன்வரலாறுகளில் வாசகர் மதிக்கும் கூறுகள்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்பட ஆக்கம், ஓவியம் ஆகியவை குறித்த கையேடுகள் கருவிகள் மாறும்போது பயன் குன்றுகின்றன. ஆனால் அதே கலைகளைப் பற்றிக் கலைஞர்கள் எழுதிய தன்வரலாறுகள் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் வாசிக்கப்படுகின்றன. இந்த வேறுபாட்டிற்கான காரணங்களைச் சத்யஜித் ரே, அகிரா குரோசாவா, பினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரின் நூல்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. முடிவுகளைக் காரணத்தோடு சொல்லுதல், பார்வைப் பயிற்சியைப் பதிவு செய்தல், துன்பத்தைத் தொழிலோடு இணைத்துக் காட்டுதல் என்னும் மூன்று கூறுகளே இந்நூல்களின் மதிப்பிற்கு அடிப்படை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, திரைக்கலை, ஓவியம், துன்பம், வாசிப்பு, நூலழகு

முன்னுரை

கலை கற்போர் நாடும் நூல்கள் பொதுவாக இருவகைப்படும். ஒன்று, செய்முறை கூறும் கையேடு. மற்றொன்று, செய்தவரின் வாழ்வைக் கூறும் வரலாறு. கையேடு உடனடிப் பயன் தருவது. எனினும் படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தின் படத்தொகுப்புக் கையேடு, கணினியில் தொகுக்கும் மாணவருக்குச் சிறிதளவே உதவும். அப்படியாயின், 1952இல் வாடகைக் கேமராவைக் கொண்டு படமெடுத்த ஒருவரின் நினைவுகளை இன்றைய வாசகர் ஏன் தேடிப் படிக்கிறார் என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவிற்கு வாசகரிடம் கருத்துக் கேட்டு விடை காணும் முறை உண்டு. இக்கட்டுரை அம்முறையைக் கைக்கொள்ளவில்லை. நூலின் அமைப்பிலும் கூற்றிலும் வாசகரை ஈர்த்து நிறுத்தும் கூறுகள் யாவை என்பதைப் பனுவலின்வழி நின்று காண்கிறது. நூலுக்கு உரிய அழகுகளையும் குற்றங்களையும் வகுத்துரைத்த பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரம் இதற்கு அளவுகோலாக அமைகிறது.

ஆய்வுக்குரிய நூல்கள்

ரேயின் ‘மை இயர்ஸ் வித் அபு’ அவர் மறைவுக்குப் பின் 1994இல் வெளிவந்தது. இறுதி வரைவு காணாமற்போனமையால் முதல் வரைவைக் கொண்டு அவர் துணைவியார் பிஜோயா ராய் அதனை ஒழுங்குபடுத்தினார். அபு முப்படங்கள் உருவான வரலாறே அதன் பொருள். குரோசாவாவின் ‘காமா நோ அபுரா’ அவரது பிறப்பு (1910) தொடங்கி ‘ரஷோமோன்’ (1950) வரையிலான வாழ்வைக் கூறுகிறது. அதன் ஆங்கில ஆக்கம் 1982இல் வெளியானது. முகர்ஜியின் ‘சித்ரகர்’ வங்கமொழியில் எழுதப்பட்ட தன்வரலாற்று நூல். அவர்தம் மாணவரும் ஓவியருமான கே.ஜி. சுப்ரமணியன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

இம்மூவரிடையே உறவும் உண்டு. சாந்திநிகேதனின் கலாபவனத்தில் 1940 முதல் 1942 வரை பயின்ற ரேக்கு நந்தலால் போஸும் முகர்ஜியும் ஆசிரியர்கள். தம் ஆசிரியரைப் பற்றி ரே 1972இல் ‘தி இன்னர் ஐ’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். குரோசாவாவின் படங்களை வியந்து போற்றிய ரே, ஜப்பானியத் திரைப்படம் குறித்துக் கட்டுரையும் எழுதியுள்ளார். மூவரும் தூரிகையோடு தொடங்கியவர்கள், மூவரும் இடர்ப்பட்டவர்கள். ஆதலின் திரைக்கலை, ஓவியம், துன்பம் ஆகிய மூன்று பொருள்களும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும் இடமாக இந்நூல்களைக் கொள்ளலாம்.

முடிவும் காரணமும்

செய்முறை நூல் ‘இவ்வாறு செய்க’ எனப் பணிக்கிறது. தன்வரலாறோ ‘இவ்வாறு செய்ய நேர்ந்தது, அதற்குக் காரணம் இது’ என விளக்குகிறது. இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும் சான்று ‘அபராஜிதோ’ (1956) படப்பிடிப்பில் கிடைக்கிறது. காசியிலுள்ள வீட்டின் முற்றத்தைக் கல்கத்தாப் படப்பிடிப்பு நிலையத்தில் அரங்கமாக அமைக்க ரேயும் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவும் முடிவு செய்தனர். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா இதற்கு உடன்படவில்லை. மேலே திறந்த முற்றத்தில் வானிலிருந்து விழும் ஒளி நிழலற்றது. நிலையத்து விளக்குகளோ பல நிழல்களை விழச் செய்யும் என்பது அவர் வாதம். அரங்கம் அமைப்பது உறுதியானபின் அவர் ஒரு வழி கண்டார். முற்றத்திற்கு மேலே வெண்துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மீது பாய்ச்சி, அங்கிருந்து திரும்பி விழும் ஒளியில் படமெடுத்தார்.

இச்செய்தியில் வாசகர் பெறுவது துணி கட்டும் முறை மட்டுமன்று. ஒரு கலைஞர் இயற்கை ஒளியை எவ்வாறு உற்றுநோக்கினார், எந்த மறுப்பை எழுப்பினார், அம்மறுப்பே எவ்வாறு தீர்வுக்கு வழிகாட்டியது என்னும் சிந்தனை வரிசையையே அவர் பெறுகிறார். விளக்குகள் மாறலாம், அவ்வரிசை மாறுவதில்லை.

‘பதேர் பாஞ்சாலி’யில் மிட்டாய் விற்பவரின் பின்னே சிறுவர்களும் அவர்களுக்குப் பின்னே நாயும் செல்லும் காட்சியும் இத்தகையதே. நாய் நடிகர்களைப் பின்தொடர மறுத்தது. துர்காவாக நடித்த சிறுமி இனிப்பைக் கையில் மறைத்துப் பின்புறமாகப் பிடித்துக்கொண்டு நடந்தபின்னரே அது தொடர்ந்தது. திரையில் இயல்பாகத் தோன்றும் ஒன்றின் பின்னால் எத்தனை ஏற்பாடு உள்ளது என்பதை வாசகர் அறிகிறார். அடுத்த முறை படம் பார்க்கையில் அவர் பார்வை மாறிவிடுகிறது.

குரோசாவாவும் இவ்வகையில் எழுதுகிறார். கதிரவனை நேரே நோக்கிக் கேமராவைத் திருப்பலாகாது, கதிர்கள் படச்சுருளை எரித்துவிடும் என்ற அச்சம் அக்காலத்தில் நிலவியது. ‘ரஷோமோன்’ படத்தில் ஒளிப்பதிவாளர் மியாகவா கசுவோ அத்தடையை மீறி, இலைகளினூடே தெரியும் கதிரவனை நேரே படமாக்கினார். காட்டின் ஒளியும் நிழலும் மனித மனத்தின் தெளிவின்மைக்கு உருவம் தர வேண்டும் என்ற கருத்து அம்மீறலுக்குக் காரணமாயிற்று. படப்பிடிப்பு தொடங்குமுன் உதவி இயக்குநர் மூவர் வந்து, திரைக்கதை விளங்கவில்லை என்று முறையிட்டதையும் குரோசாவா மறைக்கவில்லை. தொழில்நுட்ப முடிவு, அதன் கருத்து, அதற்கு எழுந்த எதிர்ப்பு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமையும்போது நூல் பாடமாகிறது.

கண்ணைப் பயிற்றுதல்

ஓவியம் குறித்து இந்நூல்கள் கூறுவனவற்றுள் வாசகர் பெரிதும் மதிப்பது கோட்டு நுணுக்கத்தைவிடப் பார்வை உருவாகும் முறையையே எனலாம். விளம்பர நிறுவனமொன்றில் வரைகலைஞராகப் பணியாற்றிய ரே, பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்பிற்கு ஓவியம் வரைந்தார். படத்திற்கான விதை அங்கே விழுந்தது. படத்திற்கு முழுமையான திரைக்கதை எழுதாமல், காட்சிகளை மைத்தூரிகையால் வரைந்த ஓவியக் குறிப்பேட்டையே அவர் பயன்படுத்தினார். ஓவியம் இங்கே படத்திற்கு முன்னோடியான சிந்தனைக் கருவியாகிறது.

குரோசாவாவின் பதிவு இதற்கு மறுதலையானது, அதனாலேயே மதிப்புடையது. தொடக்கப்பள்ளியில் அவர் வரைந்த படத்தைக் கண்டு வகுப்பு நகைத்தபோது, தச்சிகாவா என்னும் ஆசிரியர் அதனைப் பாராட்டி ஊக்கினார். பதினெட்டு வயதில் அவர் ஓவியம் புகழ்பெற்ற நிகா கண்காட்சிக்குத் தேர்வாயிற்று. அவ்வாறிருந்தும் அவர் ஓவியத்தைக் கைவிட்டார். செசானின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், தெருவும் மரங்களும் செசானின் ஓவியம் போலவே தமக்குத் தோன்றின என்றும், தமக்கென ஒரு பார்வை அமையவில்லை என்றும் அவர் காரணம் கூறுகிறார். பிறர் கண்ணால் உலகைக் காணும் இந்நிலை, கற்கும் ஒவ்வொருவரும் கடக்க வேண்டியது. வெற்றி பெற்ற ஒருவர் அதனைத் தம் குறையாக ஒப்புக்கொள்ளும்போது, வாசகர் தம் நிலைக்கு ஒரு பெயர் கிடைத்ததாக உணர்கிறார். பிற்காலத்தில் ‘ககேமுஷா’ (1980) படத்திற்கு நிதி கிடைக்காத நாள்களில், எடுக்க முடியாமற்போகுமோ என அஞ்சிய காட்சிகளையெல்லாம் குரோசாவா வண்ண ஓவியங்களாக வரைந்து வைத்தார் என்னும் செய்தி, கைவிட்ட கலை அவரை விடவில்லை என்பதைக் காட்டுகிறது.

முகர்ஜியின் நிலை இவ்விருவரினும் வேறானது. பிறவியிலேயே ஒரு கண் பார்வையற்றும் மறுகண் கிட்டப்பார்வையோடும் இருந்தமையால் அவர் முறையான பள்ளிக்கல்வி பெற இயலவில்லை. ஓவியம் கற்க அவரை ஏற்பதில் நந்தலால் போஸ் தயங்கினார். ஆர்வம் இருக்குமாயின் கற்கட்டும் எனத் தாகூர் இடமளித்தார். அத்தகைய ஒருவரே சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வை 1946–47இல் பெருஞ்சுவரோவியமாகத் தீட்டினார். முழு அளவு முன்வரைவைச் சுவரில் பதிக்காமல், ஈரச்சுண்ணத்தின்மீது நேரே வரைந்தார். சுவரின் முழுமையை ஒரு பார்வையில் அடக்க இயலாத கண், உருவங்களைத் தொடர்ந்தோடும் ஆறுபோல ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்த்துச் சென்றது. குறைபாடு இங்கே அமைப்பு முறையோடு இணைகிறது.

துன்பத்தின் இடம்

மூன்று நூல்களிலும் துன்பம் நிறைந்துள்ளது. ‘பதேர் பாஞ்சாலி’யின் படப்பிடிப்பு 1952 அக்டோபரில் நாணற்பூக் காட்டில் தொடங்கியது. அடுத்த வாரம் குழுவினர் மீண்டும் சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. எஞ்சிய பகுதிக்கு அடுத்த பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது. ரே தம் காப்பீட்டுப் பத்திரத்தின்மீது கடன் பெற்றார். துணைவியாரின் நகைகள் அடகுக்குச் சென்றன. பணமின்மையால் படப்பிடிப்பு நெடுநாள் நின்றது. மிட்டாய் விற்பவராக நடித்தவர் இடையில் இறந்துவிட, மற்றொருவரை முதுகுப்புறமாகக் காட்டிக் காட்சியை நிறைவு செய்தனர்.

குரோசாவாவின் துன்பம் இழப்பைச் சார்ந்தது. 1923 செப்டம்பர் 1இல் நிகழ்ந்த கான்டோ நிலநடுக்கத்திற்குப் பின், அண்ணன் ஹெய்கோ அவரை அழிந்த நகரினூடே அழைத்துச் சென்று, பிணங்களைக் கண்ணை மூடாமல் பார்க்கச் செய்தார். அஞ்சத்தக்கதை நேரே நோக்கினால் அச்சம் நீங்கும் என்பது அண்ணன் தந்த பாடம். மௌனப்படங்களுக்குக் கதைசொல்லியாகப் பணிபுரிந்த அந்த அண்ணன், பேசும்படம் வந்து அத்தொழில் அழிந்த சூழலில் 1933இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். முகர்ஜியோ 1950களில் கண் அறுவைக்குப் பின் எஞ்சிய பார்வையையும் இழந்தார். பின்னர்க் காகித வெட்டுருவங்களும் சிற்பங்களும் செய்தார். 1972இல் கலாபவனச் சுவருக்கு ஓட்டுச் சுவரோவியம் ஒன்றை உருவாக்கினார்.

இச்செய்திகளை வாசகர் மதிப்பது இரக்கத்தால் என்று கொள்வது எளிது. ஆயின் நூல்களின் கூற்றுமுறை அதற்கு இடந்தரவில்லை. ஒவ்வொரு துன்பமும் ஒரு தொழில் முடிவோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. நடிகர் இறந்தார் என்பது முதுகுப்புறக் காட்சியாகிறது. பிணங்களைப் பார்த்தது விலகாத பார்வையாகிறது. கண் இழந்தது தொடுகையின் கலையாகிறது. முடிவோடு சேராத துன்பம் வாசகரிடம் கண்ணீரை மட்டும் வரவழைக்கும். சேர்ந்த துன்பம் அறிவைத் தரும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. துன்பம் கலைஞரை உருவாக்குகிறது என்னும் பொதுக்கருத்துக்கு இந்நூல்களைச் சான்றாகக் காட்டுவதுண்டு. நூல்கள் கூறும் உண்மை வேறு. வறுமை ‘பதேர் பாஞ்சாலி’யை உருவாக்கவில்லை, அதனை நிறுத்தியது. விளம்பர நிறுவனத்தின் மாத ஊதியமும் மேற்கு வங்க அரசின் நிதியுமே அப்படத்தை 1955இல் திரைக்குக் கொண்டுவந்தன. நெடிய இடைவெளியில் அபுவாக நடித்த சிறுவனின் குரல் உடையாமலும், முதுமூதாட்டி சுனிபாலா தேவி இறவாமலும் இருந்தது நற்பேறே என ரே கருதினார். முகர்ஜிக்குத் தாகூரின் இசைவும், குரோசாவாவிற்கு 1936இல் சேர்ந்த படநிறுவனத்தில் எழுத்தையும் படத்தொகுப்பையும் கற்பித்த யமமோட்டோ கஜிரோவின் துணையும் இருந்தன. அத்தகைய துணை வாய்க்காத ஹெய்கோ அழிந்தார். ஒரே குடும்பத்தில், ஒரே கலையார்வத்தோடு வளர்ந்த இருவருள் ஒருவர் எழுதினார், மற்றவர் எழுதப்பட்டார். ஆதலின் துன்பத்தைத் தகுதியாகக் கொள்ளும் வாசிப்பு, தப்பிப் பிழைத்தவரை மட்டும் கணக்கில் கொள்ளும் வாசிப்பாகும்.

நூலழகு என்னும் அளவுகோல்

நன்னூல் கூறும் பத்து அழகுகளுள் விளங்க வைத்தல், ஆழமுடைமை, விளங்கும் உதாரணம் காட்டல், விழுமிய பொருள் பயத்தல் ஆகியவை இந்நூல்களுக்குப் பொருந்துகின்றன. வெண்துணி, நாய்க்கான இனிப்பு, நாணற்பூ ஆகியவை உதாரணங்கள். அவற்றின்வழி விளங்குவது ஒளி, நடிப்பு, காலம் பற்றிய கருத்துகள். முறையின் வைப்பில் மட்டும் இவை ஒத்தனவாக இல்லை. குரோசாவா ‘ரஷோமோனோடு’ நிறுத்திக்கொள்கிறார். தன்னைப் பற்றி உள்ளது உள்ளவாறு பேச மனிதரால் இயலாது என அப்படம் காட்டியதைத் தமக்கும் பொருத்தி, எழுதாத பகுதியைத் தம் படங்களில் காணுமாறு வாசகரை அனுப்புகிறார். இதனைக் குன்றக் கூறல் என்னும் குற்றமாகக் கொள்வதினும், கூற்றின் எல்லையை உணர்ந்த அடக்கமாகக் கொள்வதே பொருந்தும்.

தமிழகக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் வகுப்பறைகளில் கையேடு பாடநூலாகவும் தன்வரலாறு துணைநூலாகவும் வைக்கப்படுவது இயல்பு. மேற்கண்ட ஆய்வு அவ்வரிசையை மீள நோக்கத் தூண்டுகிறது. கையேட்டிலிருந்து கருவியைக் கையாளும் திறனை மாணவர் பெறுவர். எதற்காகக் கையாள்வது என்பதைத் தன்வரலாற்றிலிருந்தே பெறுவர். மொழிபெயர்ப்புக்கு நூல்களைத் தெரிவு செய்வோர்க்கும் இது பொருந்தும். எவ்வளவு துன்பப்பட்டார் என்பதினும், துன்பத்தினிடையே என்ன முடிவெடுத்தார், எதற்காக எடுத்தார், யார் துணைநின்றனர் என்பவற்றைச் சொல்லும் நூலே முதலில் பெயர்க்கத்தக்கது.

முடிவுரை

1. கலைஞர் தன்வரலாறுகளில் வாசகர் மதிப்பது நுட்பத்தைத் தனியே அன்று. நுட்பத்தின் பின்னுள்ள காரணத்தையே. கருவி மாறினும் காரணம் பயன்படுகிறது.

2. ஓவியம் பற்றிய பகுதிகள் பார்வை எவ்வாறு பயிற்றப்பட்டது என்பதையும், எங்கே தவறியது என்பதையும் கூறுவதால் மதிப்புப் பெறுகின்றன.

3. துன்பம் தொழில் முடிவோடு இணைத்துக் கூறப்படும்போதே அறிவாகிறது. அதனைக் கலைக்கான தகுதியாகக் கொள்வதற்கு இந்நூல்கள் சான்றாகா.

4. ஊதியம், அரசு நிதி, ஆசிரியர் ஆதரவு ஆகியவற்றையும் மறைக்காமல் பதிவு செய்திருப்பதே இந்நூல்களின் நேர்மை. அவற்றை விடுத்து அடகு வைத்த நகையை மட்டும் நினைவுகூரும் வாசிப்பு, கலை கற்க வரும் இளையோர்க்குத் தவறான வழிகாட்டுதலாக அமைந்துவிடும்.