செயலியின் உறக்கமும் பிழையும்

ஆயர் ஈத்தாமுக்குத் தெற்கே, அதே தீவில், பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டில் தொழிற்சாலை அமைத்தது. அன்றுமுதல் கணிப்பொறிச் சில்லு என்பது பினாங்குத் தமிழர்க்கு அயலான பொருளன்று. அச்சில்லுகளுள் தலையாயதாகிய செயலி உறங்கும் விதத்தையும், உறக்கம் தவறினால் நேர்வதையும் ஈண்டு ஆராய்வோம்.

வேலையற்ற வேளையில் மின்சாரம் வீணாகாதவாறு செயலி உறங்குகிறது. அவ்வுறக்கம் ஒருபடித்தன்று. கோழித்தூக்கம் சில மைக்ரோ வினாடிகளில் கலையும். ஆழ்ந்த உறக்கம் மின்சாரத்தை மிகுதியாக மிச்சப்படுத்தும். ஆனால், அதினின்று விழிக்க நூறு மைக்ரோ வினாடிகளுக்கு மேலும் ஆகலாம். எது தக்கது என்று தேர்வது, இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னல். லினக்ஸ் கெர்னலில் இதற்கெனத் தனிப்பகுதி ஒன்று 2008 முதல் உள்ளது. அது முந்திய உறக்கங்களின் அளவையும் கருத்தில் கொண்டு அடுத்ததை மதிப்பிடுகிறது.

இனி, பிழை யாது? உறங்கு என்னும் கட்டளையை வன்பொருள் சிலபோது ஏற்க மறுக்கும். அப்போது கட்டளையைக் கொண்டு சென்ற நிரல், எதிர்மறை எண் ஒன்றை விடையாகத் தரும். கெர்னல் அதனை உறக்கமாக எண்ணாது. உறங்கிய நேரம் சுழியம் என்று குறித்துக்கொள்ளும். 2020 முதல், மறுக்கப்பட்டவற்றைத் தனியாகவும் எண்ணி வருகிறது. உறங்காததை உறங்கியதாக எழுதினால், அக்கணக்கை நம்பிச் செய்யும் அடுத்த முடிவும் பிழைபடும் அன்றோ?

மற்றொன்றும் உண்டு. உறங்கப் போகுமுன், வெளியிலிருந்து வரும் அழைப்புகளைச் செயலி தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. உறக்கம் வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் அக்கதவைத் திரும்பத் திறந்தாக வேண்டும். மறந்தால் விசைப்பலகையின் தட்டலும் கடிகாரத்தின் அழைப்பும் அதன் காதில் விழமாட்டா. எனவே கெர்னல் இறுதியில் தானே சோதித்து, மூடியிருந்தால் எச்சரிக்கை எழுதிவிட்டுத் திறந்துவிடும்.

இவை சொல்லிய பிழைக்கு மருந்து. சொல்லாத பிழைக்கோ மருந்து அரிது. ‘பே டிரெயில்’ என்னும் இன்டெல் செயலிகள் கொண்ட கணினிகள் லினக்சில் திடீரென உறைந்து நின்றதாக 2015 முதல் முறையீடுகள் குவிந்தன. எதிர்மறை எண் ஏதும் வரவில்லை. கணினி அசையாமல் நின்றது, அவ்வளவே. ஆழ்ந்த உறக்கத்தையே தடைசெய்து, மின்கலம் விரைவில் தீர்வதைப் பொறுத்துக்கொண்டு பலர் காலம் தள்ளினர்.

“பாடம் படிக்கவில்லை, ஐயா” என்று எழுந்து சொல்லும் மாணவனை ஆசிரியர் திருத்திவிடலாம். வாய்திறவாது அமர்ந்திருப்பவனிடமன்றோ அவர் திகைக்கிறார்! செயலிக்கும் நீதி இதுவே.