கதவு திறக்கும் மாதம்

வாவிக்கரை ஊர்கள் – 6

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஆண்டின் பொதுவேலைகளில் பெரும்பகுதி பங்குனிக்கும் வைகாசிக்கும் இடையே வந்து குவிகிறது. அதற்குக் காரணம் நெல். புரட்டாதி, ஐப்பசியில் மழையை நம்பி விதைத்த பெரும்போகம் மாசி, பங்குனியில் வெட்டி முடிகிறது. அடுத்து வரும் சிறுபோகம் குளத்து நீர் எட்டும் வயல்களுக்கு மட்டும்தான். எனவே இளவேனிலில் ஒரு பாதி ஊர் மறுபடி வயலில் இறங்க, மறு பாதி கையில் நெல்லோடும் பொழுதோடும் இருக்கிறது. ஊர்க்கூட்டம், கோயில் சடங்கு, கூத்துப் பழக்கம், விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும் காலம் இதுவே.

வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீட்டர் நீளமாகக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. மட்டக்களப்பு நகர், காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி, கல்லாறு என ஊர்கள் இங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலை, முனைக்காடு, மகிழடித்தீவு, மண்டூர், வெல்லாவெளி என விரியும் வயல்நாடு படுவான்கரை. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உள்ள குடும்பங்கள் ஏராளம். 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்த இடத்தில் ‘பாதை’ எனப்படும் மிதவைதான் ஆளையும் உழவு மெஷினையும் நெல்மூட்டையையும் அக்கரைப்படுத்தியது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாலம் வராத நிலையில் பாதையே தொடர்ந்து ஓடிவந்தது. 

பருவத்தின் முதல் பொதுக்காரியம் சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டம். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் கீழ் வயல் உள்ள விவசாயிகளும், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை, பிரதேச செயலகம் ஆகியவற்றின் அதிகாரிகளும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், எந்த வட்டைக்கு (வயற்பரப்புக்கு) இம்முறை வாய்ப்பு, முதல் நீர் திறக்கும் நாள் எது, விதைப்பு எந்த நாளுக்குள் முடிய வேண்டும், மாடுகள் எப்போது வயலை விட்டு வெளியேற வேண்டும் என்பவை அங்கே முடிவாகின்றன. அந்த முடிவு எல்லோரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும். நீர் குறைந்த ஆண்டில் இது கோயில் திருவிழாவைவிடச் சூடான கூட்டம். ஒரு வட்டைக்கு நீர் என்றால் இன்னொரு வட்டைக்கு இல்லை என்றே பொருள்.

முடிவை வயலில் நிறைவேற்றுபவர் வட்டவிதானை. வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் அழைப்பது, மடை திறக்கும் முறையைப் பங்கிடுவது, வேலி அடைக்காதவரைக் கேட்பது, மாடு புகுந்த வழக்கை விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மரபில் அவருக்கான கூலி அறுவடையில் நெல்லாகக் கிடைத்தது. விவசாய அமைப்புகள் சட்டப்படி பதிவாகிவிட்ட பிறகும் அந்தப் பெயர் வழக்கொழியவில்லை. மாடு சின்ன விஷயமல்ல. அறுவடை முடிந்த வயலில் தாள் மேய்ந்த பட்டிகள் விதைப்புத் தொடங்கும்போது மேற்கே மேய்ச்சல் தரைக்குப் போயாக வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் நிலங்களில் பிறர் பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள முடியும். மாடு போக இடமில்லையென்றால் ஆரம்பக் கூட்டத்தின் தீர்மானமும் நிற்காது.

சித்திரை வருடப்பிறப்பு வழக்கம்போல் வருகிறது. கோயிலில் வாங்கிவந்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுக்கு, புத்தாடை, பொங்கல், பெரியவர்கள் கொடுக்கும் கைவிசேஷம். பிறகு மரக்கிளைகளில் ஊஞ்சல் ஏறும். விளையாட்டுக் கழகங்கள் வழுக்குமரம், தலையணைச் சண்டை, தோணி ஓட்டம் வைக்கும். போர்த்தேங்காய் அடிப்பதற்கு ஓடு தடித்த காயாகத் தேடிச் சேர்த்துவைக்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு. ஒருவர் வைத்த காயை மற்றவர் தம் காயால் அடிக்கிறார்; உடைந்த காய்க்காரர் தோற்கிறார். இதே பருவத்தில் வரும் உயிர்த்த ஞாயிறு, கத்தோலிக்கர் பலர் வாழும் மட்டக்களப்பு நகரின் பெரிய பொதுநாள்களுள் ஒன்று. 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதல் குழந்தைகள் பலர் உட்பட இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சித்திரை மாதத்தின் கலகலப்போடு அந்த நினைவும் இப்போது சேர்ந்தே வருகிறது.

இளவேனிலின் பெயரையே தாங்கிய ஆட்டம் வசந்தன். சிறுவரும் இளைஞரும் வட்டமாக நின்று, கையில் கோலெடுத்து, பாட்டுக்கேற்ப அடித்துச் சுற்றிவரும் இதில் தொடர்கதை கிடையாது. உழவு, விதைப்பு, அறுவடை, அனுமன், அம்மன் என்று ஒவ்வொரு பாட்டும் தனிப்பொருள் கொண்டது. இப்பாடல்களைத் திரட்டித் தி. சதாசிவ ஐயர் 1940-இல் ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்ற பெயரில் பதிப்பித்தார். அறுவடை முடிந்த ஊரில் இரவுகளில் ஆட்ட ஆசானான அண்ணாவியார் களரியைக் கூட்டிப் பிள்ளைகளைப் பழக்குவார். வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகள் பழகுவதும் இந்த ஓய்வில்தான். 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவற்றை மேடையேற்றியபோது, ஆட்டம் பழக்க வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைத்தான் அழைத்தார். நாட்டின் நவீன தமிழ் நாடகத்துக்கு அது ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊரில் கூத்து நிலைத்தது பல்கலைக்கழகத்தால் அல்ல. இரண்டு மூன்று மாதம் வேலை குறைந்த இரவுகள் இருந்ததால் நிலைத்தது.

வைகாசியில் கச்சான் வீசத் தொடங்கும். இலங்கையின் மேற்குப்புறத்துக்கு மழை தரும் தென்மேற்குக் காற்று மலையைக் கடந்து இங்கே இறங்கும்போது ஈரமிழந்து அனலாகிவிடுகிறது. அம்மையும் கண்நோயும் பரவும் காலமென்று முன்னோர் அஞ்சிய காலம் இது. கண்ணகியைக் கண்ணகை அம்மனாக வழிபடும் கோயில்களின் ஆண்டுச் சடங்கு இந்த மாதத்தில் வருவதும், அதன் உச்சம் ‘குளிர்த்தி’ என அழைக்கப்படுவதும் இதனால்தான். மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளைக் குளிர்வித்தால் ஊர் குளிரும், மழையும் பெய்யும்.

இலங்கை வேந்தன் கயவாகு கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சிங்கள மக்கள் அவளைப் பத்தினி தெய்வமாக இன்றும் வழிபடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறாயிற்று. ஆறுமுக நாவலர் போன்றோரின் சைவச் சீர்திருத்தத்தின் பின் அங்கிருந்த கண்ணகி கோயில்கள் பல ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று மாறின. மட்டக்களப்புத் தமிழகம் என்று அழைக்கப்படும் இப்பகுதியில் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், மகிழூர், எருவில், வந்தாறுமூலை முதலிய ஊர்கள் அவளைக் கண்ணகையாகவே வைத்திருக்கின்றன. விபுலாநந்த அடிகள் 1892-இல் பிறந்தது இந்தக் காரைதீவில்தான். சிலப்பதிகாரத்தின் இசைச்செய்திகளிலிருந்து ‘யாழ் நூல்’ (1947) எழுதியவருக்கு அக்காப்பியம் பள்ளிக்கூடத்தில் முதன்முதல் அறிமுகமானதாக இருந்திருக்காது.

இக்கோயில்களுள் பல ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கும். வைகாசிப் பூரணையை ஒட்டிய நாள்களில்தான் கதவு திறக்கும். பூசை செய்பவர் பிராமணக் குருக்கள் அல்லர். கப்புகனார், கட்டாடியார் என்று அழைக்கப்படும் ஊரவரே. கதவு திறந்தது முதல் இரவுதோறும் ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுகிறது. வி. சீ. கந்தையா 1968-இல் பதிப்பித்த இந்நூலில் இளங்கோ சொல்லாத கதைகளும் உண்டு. சிலம்புக்கு வேண்டிய மணியைத் தேடி மீகாமன் கடலோடி வந்து வெடியரசனோடு பொருவது அவற்றுள் ஒன்று. வெடியரசன் முக்குவர் தலைவன்; வாவிக்கரை மக்களுள் பெருந்தொகையினர் முக்குவரே. கதையைக் கேட்கும் ஊரே கதைக்குள் இருப்பதால் பாட்டு நீண்டாலும் கூட்டம் கலைவதில்லை.

சடங்கைத் தாங்குவது குடிமுறை. இப்பகுதித் தமிழர் தாய்வழியில் எண்ணப்படும் குடிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். உலகிப்போடிகுடி, காலிங்காகுடி, படையாண்டகுடி, பணிக்கனாகுடி என்று பெயர்கள் நீளும். பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் திருமணம் கிடையாது. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைப்பது வழக்கம். இதே தாய்வழிக் குடிகள் இப்பகுதி முஸ்லிம்களிடையேயும் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்மார் குடிவாரியாக அமைந்த மரபும் அங்கே இருந்தது. வாவியின் இரு சமூகங்களும் அரசியலில் எவ்வளவு விலகினாலும் உறவை எண்ணும் கணக்கு ஒன்றுதான். முக்குவரின் சொத்துரிமை வழக்காறுகளை 1876-இல் கிறிஸ்தோப்பர் பிரிட்டோ நூலாக்கினார். அதே ஆண்டின் சட்டம் அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டது. நீதிமன்றத்தில் செல்லாமற்போன குடி கோயில் முற்றத்தில் மட்டும் முழு அதிகாரத்தோடு நின்றுவிட்டது.

சடங்குக்கு முன் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் ஊரைக் கூட்டுகிறார். எந்த நாள் பூசை எந்தக் குடிக்கு, பந்தற்கால் யாருடையது, எண்ணெய் யார் தருவது, குடிக்குப் பணம் எவ்வளவு என்று பிரிக்கப்படும். பட்டியல் முன்னோர் காலத்தது என்றாலும் ஆண்டுதோறும் எவரோ ஒருவர் எழுந்து தம் குடியின் முறை பறிபோகிறது என்று வாதிடுவார். வெளியாருக்கு இது வீண் சச்சரவாகத் தெரியும். உண்மையில் செலவழிக்கும் உரிமைக்காகச் சண்டையிடும் ஊரில் செலவுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. இம்முறையின் குறையும் அங்கேயே இருக்கிறது. யார் எதைச் செய்யலாம் என்ற வரிசை சாதியின் வரிசையும்தான். பறை அடிப்பவருக்கும் துணி விரிப்பவருக்கும் கடமை உண்டே தவிர, கூட்டத்தில் அவர்களின் சொல்லுக்குக் கிடைக்கும் இடம் வேறு.

பிறகு வேலைகள் ஓடுகின்றன. பெண்கள் வீடுவீடாகச் சென்று மடிப்பிச்சையாக அரிசி வாங்குகிறார்கள். ஒரு மரக்கிளையை வெட்டிவந்து சேலை உடுத்தி நடுவது கல்யாணக்கால். கோவலனுக்கும் கண்ணகைக்கும் அன்று மணம். அம்மன் ஊர்வலம் வரும்போது வாசல்தோறும் நிறைகுடம் இருக்கும். குரவை ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குத் தொற்றிச் செல்லும். பொங்கலுக்கான நெல்லைப் பெண்கள் உரலில் குற்றுகிறார்கள். அரிசி ஆலை பக்கத்திலேயே இருந்தாலும் இந்த நெல் உரலுக்குத்தான் போகும். கடைசி இரவு, மூலிகையும் பூவும் இட்ட நீரை முன்வைத்துக் குளிர்த்தி பாடி முடிந்ததும் அந்நீர் கூட்டத்தின் மீது தெளிக்கப்படுகிறது. வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள்.

மழை பொய்த்தபோதும் நோய் பரவியபோதும் அம்மனை மகிழ்விக்க நடந்த பழைய விளையாட்டு கொம்பு முறித்தல். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகை பக்கம். செண்பகப்பூப் பறிக்கையில் கணவன் மனைவி இருவரின் கொக்கத்தடிகளும் சிக்கிக்கொண்டு, யாருடையது முறியும் என்று இழுத்துப் பார்த்ததாகக் கதை. வளைந்த வைரமரக் கொம்புகள் இரண்டைக் கொழுவி, கயிறு பூட்டி, இரு சேரியும் இழுக்க, ஒன்று முறியும். வென்றவர் தோற்றவரை வசைபாடலாம். அந்த வசைக்கு அன்று மன்னிப்பு உண்டு. சிங்கள ஊர்களின் ‘அங்கெலிய’வும் இதுவே. சேரி குடிக்குக் குறுக்காக வெட்டுவதுதான் இதன் நுட்பம். குடிக்காக மன்றாடியவர்கள் சேரிக்காக ஒரே கயிற்றில் கைவைக்க நேரும்.

கொம்பு இப்போது அரிது. இழுக்க ஆண்கள் பலர் ஊரில் இல்லை. மத்திய கிழக்குக்கும் கொழும்புக்கும் போயிருக்கிறார்கள். போர்க்காலத்தில் 1990-லும், படுவான்கரையில் 2006, 2007-லும் மக்கள் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்ததில் அறுந்துபோன பழக்கங்களுள் இதுவும் ஒன்று. இப்போது கலைவிழா மேடைகளிலும் கொம்பு முறிக்கிறார்கள். கோயில்களும் மாறுகின்றன. வெளிநாட்டுப் பணத்தில் கோபுரம் எழுகிறது, குடமுழுக்கு நடக்கிறது, குருக்கள் நியமனமாகிறார், நாள்தோறும் பூசை தொடங்குகிறது. கோயில் செழிப்பதை ஊர் விரும்புவது நியாயம். ஆனால் நாள்தோறும் திறந்திருக்கும் கோயிலில் கதவு திறப்பதற்கென்று ஊரைக் கூட்ட வேண்டிய தேவை தளர்ந்துவிடுகிறது. சம்பளத்துக்குப் பூசை செய்பவர் இருக்கும் இடத்தில் குடிக்கு எஞ்சுவது பற்றுச்சீட்டு மட்டும்.

குளிர்த்தி முடிந்து எட்டாம் நாள் மீண்டும் பொங்கலிட்டுச் செய்வது எட்டாம் சடங்கு. அதன்பின் பரிபாலன சபை வரவு செலவைப் படிக்கிறது. எஞ்சிய அரிசி, தேங்காய், சேலைகள் ஏலம் போகின்றன. கணக்கில் ஐயமுள்ளவர் கேட்பதற்கான இடமும் அதுவே. சிறுபோக வயல்களில் அதற்குள் களைபிடுங்கும் பருவம் வந்துவிடும். வட்டவிதானை மடைமுறைப் பட்டியலோடு மறுபடி வாசலில் நிற்பார். ஆவணியில் அறுவடையும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், மண்டூர் முருகன் ஆகிய பெருங்கோயில்களின் கொடியேற்றமும் நெருங்குகின்றன. ஓர் ஊரின் குடிகள் அல்ல, பல ஊர்கள் சேர்ந்த ஒரு தேசத்தின் குடிகளே உரிமை கேட்டு நிற்கும் அந்தத் திருவிழாக்களைப் பற்றி அடுத்த வாரம்.